கீழமடை

பிளஸ் டூ பொருளியலில் சுற்றுச்சூழல் பொருளியல் என்று ஒரு இயல் இருக்கிறது. பெரும்பாலும் ஜனவரியில்தான் அதற்கு வந்து சேர்வோம். திருப்புதல் தேர்வு நெருக்கிக்கொண்டிருக்கும், பிள்ளைகளின் கண்ணில் தூக்கம் நிற்கும், எனக்கும் பாடத்தை முடித்தால் போதும் என்றிருக்கும். ‘புறவிளைவு’ வரும் இடத்தில் கரும்பலகையில் ஒரு ஆறு வரைவேன். மேலே ஒரு தொழிற்சாலை, கீழே துணி வெளுக்கிறவர். தொழிற்சாலை கழிவைக் கொட்டுகிறது, கீழே துணி கறைபடுகிறது, அந்த நட்டம் தொழிற்சாலையின் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதே இல்லை. ஏறாத செலவை வரி போட்டு ஏற்றிவிடலாம் என்றார் பிகூ என்ற பொருளியலாளர், 1920-இல். யாருக்கு என்ன உரிமை என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசுவதற்கும் செலவில்லை என்றால் இரண்டு பேரும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்றார் கோஸ் என்ற இன்னொரு பொருளியலாளர், 1960-இல். ஐந்து மார்க் கேள்வி, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

2021 நவம்பருக்குப் பிறகு அந்த ஆற்றை வரையும்போது கை ஒரு நொடி நின்றுதான் நகர்கிறது. அதைவிட நல்ல உதாரணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வகுப்பில் சொல்ல இதுவரை தைரியம் வரவில்லை, ஏனென்றால் அதில் தொழிற்சாலைக்காரன் நான்தான். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நிதி, நிட்சேபம், ஜலம்

எங்களுக்கு 62 சென்ட் வயல் இருந்தது. பழையாற்றுப் பாசனத்தில், சுசீந்திரத்துக்கும் தேரூருக்கும் இடையில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர் வேண்டாம், அங்கே வீடு கட்டியிருப்பவர்களில் பாதிப் பேர் என்னைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுகிறவர்கள். சேர்ந்து கிடக்கிற வயல்வெளியை எங்கள் பக்கம் பத்து என்போம். எங்களுடையது மொத்தம் நாற்பது ஏக்கர் பத்து. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவும், அதாவது இரண்டு போகமும், தப்பாமல் விளைந்த நிலம். அப்பா இருந்தவரை சொந்தப் பயிர். அவர் போன பிறகு பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டோம். வருடத்துக்கு எட்டாயிரம் ரூபாய் போல வரும். பயிர் வைத்தவர் வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் அதுவும் வராது, நாங்களும் கேட்கமாட்டோம்.

2013-இல் விற்றோம். காரணம் கேட்டால் தங்கை மகள் கல்யாணம் என்று சொல்வது வழக்கம். அது பொய்யில்லை. ஆனால் கல்யாணத்துக்கு வேறு வழியும் இருந்தது. விற்க வைத்தது மேற்கே இருந்த வயல். அந்த வயல்காரர் எங்களுக்கு இரண்டு வருடம் முன்னாலேயே விற்றுவிட்டார். வாங்கியவர் நாலடி உயரத்துக்குச் செம்மண் அடித்தார். அதோடு எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் போயிற்று. மழைத் தண்ணீர் மட்டும் அந்த மேட்டிலிருந்து நேராக எங்கள் வயலுக்குள் இறங்கி நின்றது. நட்ட நாற்று அழுகி, பாட்டக்காரர் கைவிட்டார். ஒரு பத்தில் முதல் வயலை விற்கிறவனுக்கு ஆசை போதும். இரண்டாவது வயல்காரனுக்கு ஆசையே தேவையில்லை. அவன் வயல் தானாகக் கெட்டுப்போகிறது, விற்கிறான். வயல் வாழைத்தோப்பாகி, வாழைத்தோப்பு தென்னந்தோப்பாகி, தென்னந்தோப்பு பிளாட்டாவதுதான் எங்கள் பக்கத்து வழக்கமான படிக்கட்டு. எங்கள் பத்துக்கு நடுப்படிகளில் கால்வைக்கக்கூட நேரமில்லை. புரோக்கர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணாச்சி, இது இனி வயலு இல்ல, குட்டை. குட்டைக்கு இந்த வெலைய எவன் தருவான்?”

சென்ட் எண்பதாயிரம். அன்றைக்கு டெபாசிட் வட்டி 9 சதவீதம் இருந்தது. மொத்தப் பணத்தையும் வங்கியில் போட்டால் ஒரு மாத வட்டி, வயல் தந்த நாலரை வருடப் பாட்டம். பொருளியல் வாத்தியாருக்கு இதைவிட எளிய கணக்கு கிடைக்குமா? நான் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “நீ படிச்சவன், நீ சொன்னா சரி” என்றாள்.

பத்திரம் எழுதுகிறவர் பழைய பத்திரத்தை எடுத்துவரச் சொன்னார். தாத்தா வாங்கியபோது எழுதியது, கொல்லம் ஆண்டில் தேதி போட்டது. நான்கெல்லை சொல்லி, மாவடை மரவடை சொல்லி, நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று அடுக்கிக்கொண்டே போகும் பழைய நடை. பூமிக்கடியில் புதையல் இருந்தால் அது வாங்குகிறவருக்கு. கல் இருந்தால் வாங்குகிறவருக்கு. தண்ணீர் வாங்குகிறவருக்கு. 62 சென்ட் வயலில் இத்தனை இருக்கிறதா என்று அலுவலக வராந்தாவில் நின்று சிரித்துக்கொண்டோம். அந்த நிலம் பிறத்தியாருக்குச் செய்துகொண்டிருந்த ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு எட்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அது யாருக்கும் சொந்தமில்லாததால் அதை விற்கவும் இல்லை, யாரும் வாங்கவும் இல்லை. கிரயம் முடிந்த அன்று அது பாட்டுக்குக் காணாமல் போயிற்று.

ஒரு மணிக்கூறு

நவம்பர் 1 எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். 2021-இல் அதே நாளில்தான் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர், 2070-க்குள் இந்தியாவின் நிகர உமிழ்வு பூஜ்யமாகும் என்று அறிவித்தார். செய்தியைப் பார்த்துவிட்டு, வகுப்பில் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது என்று குறித்துவைத்தேன். பத்து நாள் கழித்து மழை பிடித்தது. 12-ஆம் தேதி தொடங்கி மூன்று நாள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைத் திறந்துவிட்டார்கள், நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன, பழையாறு இரண்டு கரையும் தாண்டிப் போனது. ஒக்கியைப் பார்த்த மாவட்டம் இது. 2017 நவம்பர் 30-ஐ இங்கே யாரும் மறக்கப்போவதில்லை. ஆனால் ஒக்கி காற்று. கடலில் போனவர்களையும் மலையில் நின்ற ரப்பரையும் அடித்தது. இது தண்ணீர். எங்கே தாழ்வு என்று தேடித்தேடிப் போய் நின்றது.

14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். எங்கள் தெரு மேடு, தண்ணீர் இல்லை. வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கிளாஸ்கோவில் முந்தின நாள் இரவு உடன்பாடு முடிந்திருந்தது. நிலக்கரியைப் ‘படிப்படியாக ஒழிப்பது’ என்றிருந்த சொல்லைக் கடைசி நேரத்தில் இந்தியா ‘படிப்படியாகக் குறைப்பது’ என்று மாற்ற வைத்ததைத்தான் எல்லாச் சேனலிலும் பேசினார்கள். அம்மா, “கீழத்தெருவுல தண்ணி ஏறிட்டாம், போய்ப் பாத்துட்டு வா” என்றாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

கீழத்தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். எங்கள் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் வந்தவர். சின்ன வயதில் நான் அவரை அக்கா என்று சொன்னதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், என்னைவிட இருபது வயது மூத்தவரை. அந்தக் காலத்து எங்கள் தெரு வழக்கம் அது என்று சொன்னாலும் வெட்கம் வெட்கம்தான். அவர் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கட்டில் மேல் அரிசிச் சாக்கு, அதன் மேல் ரேஷன் கார்டும் துணிகளும் கட்டிய ஒரு மூட்டை. காலி காஸ் சிலிண்டர் ஒன்று மிதந்து மிதந்து அலமாரியில் இடித்துக்கொண்டிருந்தது. கோழிகள் குளியலறைச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அக்கா படியில் நின்று ஒரு பிளாஸ்டிக் வாளியால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். வெளியேயும் அதே மட்டம்தான். அதனால் பயனில்லை என்று அவருக்குத் தெரியாதா? சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என்னைப் பார்த்ததும் புலம்புவார் என்று நினைத்தேன். திட்டினால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. அவர் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தகவல் கேட்கிற குரலில் கேட்டார்: “தம்பி, உங்க வயலுக்க கீழமடை இப்பம் எங்க இருக்கு? அதத் தொறந்துவிட்டா ஒரு மணிக்கூறுல வடிஞ்சிருமே.”

எங்கள் வயலின் கிழக்கு மூலையில் கீழமடை இருந்தது. மடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வரப்புக்கு அடியில் குடைந்து போட்ட ஒரு பனந்தடி. வாயில் வைக்கோலும் தொளியும் வைத்து அடைத்திருப்பார்கள். மழை கூடினால் மண்வெட்டியால் ஒரு இழுப்பு, தண்ணீர் ஓடைக்குப் போய் அங்கிருந்து ஆற்றில் சேரும். ஆறு நிறைந்திருந்தால் மடையை அடைத்துத் தண்ணீரை வயலிலேயே நிறுத்திவைப்பார்கள், ஆறு இறங்கிய பிறகு திறப்பார்கள். எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்பது அக்காவுக்குத் தெரியும். ராத்திரி மழையில் அவரும் அவர் வீட்டுக்காரரும் போய்த் திறந்திருக்கிறார்கள், கூலியில்லாமல். வயலைக் காப்பாற்ற அப்படிச் செய்கிறார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தங்கள் தெருவையும் சேர்த்துத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று அந்தப் படியில் நின்றபோதுதான் உறைத்தது. அப்பாவுக்கு அந்த மடை தெரிந்திருக்கும். எனக்குக் கிழக்கு மூலை என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது, அந்த மூலைமேல் இப்போது முப்பதடி ரோடு போகிறது. “தெரியலக்கா” என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி மொள்ளத் தொடங்கினார்.

ஒன்றரை சதவீதம்

அன்றிரவு நாகர்கோவில் வீட்டில் பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 62 சென்ட் சுமார் 27,000 சதுர அடி. வரப்பு ஒரு அடி உயரம். நவம்பரில் கும்பப்பூப் பயிர் நிற்கும், வயலில் ஏற்கெனவே தண்ணீர் கிடக்கும். அதனால் பாதியைத் தள்ளிவிட்டு அரையடிதான் காலி என்று வைத்தேன். மூன்று லட்சத்து எண்பதாயிரம் லிட்டர் வந்தது. பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பிடித்தால் 32 லாரி. 32 லாரித் தண்ணீரை அந்த மூன்று நாளும் பிடித்துவைத்து, ஆறு இறங்கிய பிறகு மெல்ல விட்டிருக்கும் எங்கள் வயல். அந்த வேலைக்கு அது யாரிடமும் பில் போட்டதில்லை.

உடனே மனசு இன்னொரு கணக்கைப் போட்டது. பத்து முழுவதும் நாற்பது ஏக்கர். அத்தனைக்கும் அரையடி என்றால் கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி லிட்டர். அதில் என் பங்கு ஒன்றரை சதவீதம். ஒன்றரை சதவீதத்தால் அக்கா வீட்டில் எவ்வளவு ஏறியிருக்கும்? ஒரு விரற்கடைகூட இராது. நான் விற்காமல் இருந்திருந்தாலும் தண்ணீர் வந்துதான் இருக்கும். கணக்கு சுத்தம். நிம்மதியாகப் படுத்தேன். பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் இதே பேச்சைக் காலையில் டிவியில் கேட்டிருந்தேன். எங்கள் பங்கு கொஞ்சம், நாங்கள் மட்டும் நிறுத்தினால் உலகம் குளிர்ந்துவிடுமா? நாற்பது ஏக்கர்க்காரர்களும் ஆளுக்கொரு வினாத்தாளில் இந்தக் கணக்கைப் போட்டால் எல்லாருக்கும் சுத்தமாகத்தான் வரும். ஆனாலும் அக்கா வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது.

இதனால் கிளாஸ்கோவில் இந்தியா சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் மேற்கு வயல் ஒன்று இருக்கிறது. இருநூறு வருடமாக மண்ணடித்து மேடாக்கிவிட்டு, இப்போது தாழ்வில் இருப்பவனிடம் ‘நீ அடிக்காதே’ என்று சொல்கிற வயல். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. மேற்கு வயல்காரர் மீது எனக்கு இன்றும் வருத்தம் இருக்கிறது. ஆனால் என் வருத்தத்தை நான் தீர்த்துக்கொண்ட விதம் கீழத்தெருவுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. அடுத்த வருடம், 2022-இல், ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் ‘இழப்பு மற்றும் சேதம்’ நிதி ஒன்றுக்கு நாடுகள் ஒப்புக்கொண்டன. உமிழாதவர்கள் படுகிற நட்டத்துக்கு உமிழ்ந்தவர்கள் ஏதாவது தரவேண்டும் என்கிற எண்ணம், முப்பது வருடம் கேட்டுக்கேட்டுக் கிடைத்தது. எங்கள் பத்தில் அப்படி ஒரு நிதி வைத்தால் நான் எவ்வளவு போடுவேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதிலை இங்கே எழுதமாட்டேன்.

வட்டி விஷயமும் இருக்கிறது. காலநிலை மாற்றத்தின் செலவைக் கணக்கிட்ட ஸ்டெர்ன் அறிக்கை 2006-இல் வந்தபோது பொருளியலாளர்கள் பெரிதாக மோதிக்கொண்டது வெப்பமானியைப் பற்றி அல்ல, கழிவு (டிஸ்கவுண்ட்) விகிதத்தைப் பற்றி. நாளை வரப்போகும் நட்டத்தை இன்றைய பணத்தில் எவ்வளவு என்று மதிப்பது? ஸ்டெர்ன் எடுத்தது ஏறத்தாழ 1.4 சதவீதம். பின்னால் 2018-இல் நோபல் வாங்கிய நார்ட்ஹாஸ், சந்தையில் நடக்கிற வட்டியை ஒட்டி 4 சதவீதத்துக்கு மேல் வைக்கவேண்டும் என்றார். வகுப்பில் இதைச் சொன்னால் யாருக்கும் ஏறாது. ரூபாயில் சொன்னால் ஏறும். 2070-இல் ஒரு லட்சம் ரூபாய் நட்டம் வரப்போகிறது. அதைத் தடுக்க 2021-இல் எவ்வளவு செலவழிக்கலாம்? 1.4 சதவீதம் என்றால் சுமார் ஐம்பதாயிரம். 4 சதவீதம் என்றால் பதினாலாயிரத்து அறுநூறு. நான் வயலை விற்றபோது மனசுக்குள் வைத்திருந்தது வங்கியின் 9 சதவீதம். அதில் அந்த ஒரு லட்சம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் கீழே போய்விடுகிறது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. டெபாசிட் ரசீதில் அச்சடித்திருந்த எண்ணை எடுத்துக்கொண்டேன், அது எனக்காக என் பேரப்பிள்ளைகளின் காலத்தைச் சுருக்கி ஒரு ஹோட்டல் பில் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அக்காவின் கணக்கில் வட்டியே கிடையாது. ஒரு மணிக்கூறு என்றார்.

502 ரூபாய்

களியக்காவிளை தாண்டி, பாறசாலைப் பக்கம் என் மனைவியின் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். அவருக்கும் வயல் இருக்கிறது. கேரளத்தில் 2008-இலேயே நெல்வயலையும் நீர்நிலத்தையும் மாற்றக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நம் பக்கம் நன்செய்க்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது, அனுமதி முறைகள் உண்டு. 2020-இல் கேரளத்தில் இன்னொரு படி போய், வயலை வயலாகவே வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு ஹெக்டேருக்கு வருடம் 2,000 ரூபாய் ‘ராயல்டி’ என்று கொடுக்கத் தொடங்கினார்கள். வயல் நிலத்தடி நீருக்கும் வெள்ளத்துக்கும் செய்கிற வேலைக்குக் கூலி என்பதுதான் அதன் நியாயம். கோஸ்டா ரிகாவில் எரிபொருள் வரியிலிருந்து காட்டுச் சொந்தக்காரர்களுக்குக் காசு கொடுப்பதாக 1997-இலிருந்து நடக்கிற திட்டத்தை நான் வகுப்பில் சொல்வதுண்டு. அதே எண்ணம் எனக்கு நாற்பது கிலோமீட்டர் பக்கத்தில் நடப்பது தெரிந்தபோது மாமாவுக்கு போன் போட்டேன்.

அவர் உற்சாகமாக இல்லை. “மருமகனே, அக்ஷயா சென்டர்ல போய் நிக்கணும், கரம் கெட்டின ரசீது வேணும், அர நாள் போச்சு. கிட்டுனது ஆட்டோ கூலிக்குச் சரி. சட்டம் போட்டு எனக்க வெலைய லட்சக்கணக்குல கொறச்சுப் போட்டு, கையில ஒரு நாரங்கா மிட்டாயி தருகான்” என்றார். எங்கள் வயலுக்கு என்ன வந்திருக்கும் என்று பார்த்தேன். ஒரு ஹெக்டேர் 247 சென்ட். 62 சென்ட்டுக்கு 502 ரூபாய். சென்ட்டுக்கு எட்டு ரூபாய், ஒரு டீகூட வராது. எண்பதாயிரம் ரூபாய் சென்ட்டுக்கு எதிரே வருடம் எட்டு ரூபாயை வைத்து, வயலை விற்காதே என்று யாரிடம் சொல்வது? மாமா சொல்வதுதான் சரி. அங்கே வயலைக் காப்பது அந்த 2,000 ரூபாய் இல்லை, 2008 சட்டம். காசு ஒரு மரியாதைக்கு. ஆனால் சட்டத்தின் செலவு முழுவதும் மாமா தலையில், பலன் முழுவதும் அவர் பெயரே தெரியாத கீழத்தெருக்காரர்கள் வீட்டில். எங்கள் பக்கம் நேர்மாறு. பலன் எனக்கு, செலவு அக்காவுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சோதனைச் சாவடி.

கோஸ் சொன்னபடி அக்காவும் நானும் பேரம் பேசியிருந்தால்? 2013-இல் அவர் வந்து, ‘தம்பி, விற்காதீங்க, வருடம் இவ்வளவு தருகிறேன்’ என்று சொல்லவேண்டும். அதற்கு அவரிடம் பணம் வேண்டும். கீழத்தெருவின் முப்பது வீடும் சேர்ந்து, நாற்பது ஏக்கருக்கும் சொந்தக்காரர்களைத் தேடி, துபாயில் ஒருவர், சென்னையில் ஒருவர் என்று போன் போட்டுப் பேசவேண்டும். முதலில் நான் விற்கப்போவதே அவருக்குத் தெரியவேண்டும். பத்திர அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறார்கள். கீழே யார் வீடு இருக்கிறது என்று ஒரு வரிகூடக் கேட்பதில்லை. 2022-இல் வேம்பனூரும் சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் உலக அளவில் முக்கியமான நீர்நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நல்ல காரியம், தேரூர்க் குளத்தில் பறவை பார்க்க நானும் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் குளத்துக்கு உள்ளே போடுகிற கோடு, குளத்துக்கும் ஆற்றுக்கும் இடையில் கிடக்கிற வயலைத் தொடுவதில்லை. அது பட்டா நிலம்.

இதில் இன்னொரு வேடிக்கை. உலக காலநிலைக் கணக்கில் நெல்வயல் குற்றவாளிப் பட்டியலில் இருக்கிறது. தண்ணீர் தேங்கிய வயலில் மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 27 மடங்கு சூடேற்றுகிற வாயு. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் குறையும், அதற்குக் கார்பன் கிரெடிட் தருகிறோம் என்று கம்பெனிகள் வருகின்றன. அந்தக் கணக்குப்படி 62 சென்ட் நெல்வயலை ஒரேயடியாக மூடிய நான் புண்ணியம் செய்தவன். ஒரு டன் சிமெண்டுக்கு அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு என்று அந்தப் பக்கம் ஒரு கணக்கு எழுதவேண்டும், ஆனால் அது வேறு துறையின் பேரேட்டில் போகும். டன்னில் அளக்க முடிவதெல்லாம் ஏதாவது ஒரு பேரேட்டில் ஏறிவிடுகிறது. 32 லாரித் தண்ணீர் எதிலும் ஏறவில்லை.

வரி போட்டால் சரியாகிவிடும் என்று பிகூவை நம்பி நானும் நிறையக் கட்டுரை வாசித்திருக்கிறேன். நாமும் போட்டோம். 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ், தூய எரிசக்திக்கென்று. 2016-இல் அது 400 ஆனது. உலகத்தில் அன்றைக்கு இப்படி ஒரு வரி போட்ட நாடுகள் அதிகமில்லை, பெருமையாகச் சொல்லலாம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸாகப் பெயர் மாறிப் போனது. 2025 செப்டம்பரில் செஸ்ஸும் போய், நிலக்கரிக்கு ஜி.எஸ்.டி. 5-இலிருந்து 18 சதவீதமாயிற்று. புகைக்கு விலை வைப்பது பாதி வேலைதான். அந்தக் காசு எந்த வாய்க்காலில் ஓடி எந்த வயலுக்கு வருகிறது என்பது மீதி. அந்த வாய்க்காலை வெட்டுவதற்கு முன்பே மேட்டில் அடைத்துவிட்டார்கள்.

பனைக்கு நேராக

போன ஆகஸ்டில் ஊரில் ஒரு நல்ல செய்தி. முப்பதடி ரோட்டுக்குக் குறுக்கே குழாய் பதித்து ஓடையோடு இணைக்க ஊராட்சியில் ஒப்புக்கொண்டார்கள். குழாயை எங்கே பதிப்பது என்று காட்டச் சொன்னார்கள், பழைய சொந்தக்காரன் என்பதால் என்னிடம். நான் எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடம் எடுத்துக்கொண்டு போனேன். சர்வே எண், உட்பிரிவு, மீட்டரில் அளவு எல்லாம் இருந்தது. மடை இல்லை. ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் தண்ணீர் எப்படிப் போகிறது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. அரை மணி நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிடப் போனேன்.

முட்டுவலியோடு அவர் மெதுவாக வந்தார். நேராக லேஅவுட்டுக்குள் போகவில்லை. குளத்தங்கரைக்குப் போய், அங்கே மிச்சம் இருக்கிற ஒற்றைப் பனைக்குக் கீழே நின்று கிழக்கே பார்த்தார். பிறகு நடக்கத் தொடங்கினார். வாய்க்குள் எண்ணுவது கேட்டது. மின்கம்பத்தைச் சுற்றவேண்டிய இடத்தில் நின்று, சுற்றிப்போய், விட்ட எண்ணிலிருந்து மறுபடி எடுத்தார். நிறுத்தியிருந்த ஒரு காரை ஒட்டி உரசிக்கொண்டு போனார். வேலைக்கு வந்த இரண்டு பேர் கடப்பாரையோடு பின்னால், நான் வரைபடத்தோடு அவர்களுக்கும் பின்னால். ஒரு வீட்டு கேட் முன்னால், ரோட்டோரம் வரை பதித்திருந்த இன்டர்லாக் கல் மேல் வந்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலால் ஒரு கல்லைத் தட்டி, “இங்கன” என்றார். பிறகு இரண்டு அடி தள்ளித் தட்டிப் பார்த்து, “இல்ல, மொதல்ல சொன்னதுதான்” என்றார்.

நாய் குரைத்தது. கேட்டைத் திறந்துகொண்டு வந்தவனை எனக்கு அடையாளம் தெரிந்தது. இரண்டாவது பெஞ்சில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவன். பொருளியலில் நல்ல மார்க் வாங்கியவன். இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான். வணக்கம் சொல்லி, உள்ளே வாங்க சார் என்றான். நான் மடை, ஓடை, குழாய், அவன் வீட்டு வாசலில் ஆறேழு கல்லைப் பெயர்த்துவிட்டுத் திரும்பப் பதித்துக் கொடுப்பது எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அக்காவின் காலையும் அவர் தட்டிய கல்லையும் பார்த்தான். பிறகு என் கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டான்.

“பட்டாவுல இருக்கா சார்?”